காய்ச்சல் விட்ட மறுநாள் வந்த பொரி

தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பதினான்கு மாதப் பெண் குழந்தை. மூன்று நாள் 103 டிகிரி காய்ச்சல். சளி, இருமல் பெரிதாக இல்லை. நேற்று காலை காய்ச்சல் சட்டென்று விட்டது. இன்று முதுகு, வயிறு, கழுத்தெல்லாம் பொடிப் பொடியாகச் சிவப்புப் பொரி. மாமியார், "மணல்வாரி போட்டிருக்கு, ஆத்தா வந்திருக்கா, குளிப்பாட்டாத, மருந்து குடுக்காத" என்று நிலைவாசலில் வேப்பிலை செருகிவிட்டார். மெடிக்கல் கடைக்காரர், காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளவில்லை, இது அலர்ஜி என்கிறார். எதிர்வீட்டுப் பையனுக்குப் போன வாரம்தான் கை கால் வாய் நோய் வந்து போனது. அதுவாக இருக்குமோ என்கிறார் கணவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. ஆறு மாதக் கர்ப்பிணியான நாத்தனாரும் வருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கும்பகோணம் பக்கம் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன், முப்பது வருடம் ஆகப்போகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்று பேர் சொன்னதும் இல்லை, நாலாவது ஒன்று என்றுதான் தோன்றுகிறது. அதன் பெயர் ரோசியோலா. மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 என்ற கிருமி. சில சமயம் அதன் தம்பி 7. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளைத் தொட்டுவிட்டுத்தான் போகும். பெரும்பாலும் நம்மைப் போன்ற பெரியவர்களின் எச்சிலிலிருந்துதான் ஒட்டுகிறது. மூன்று முதல் ஐந்து நாள் கொளுத்தும் காய்ச்சல், அது விட்டதும் உடம்பின் நடுப்பகுதியில் பொரி, ஓரிரண்டு நாளில் தழும்பில்லாமல் மறைவு. அரிப்பு கிடையாது. மருந்தும் கிடையாது, வேண்டியதும் இல்லை. காய்ச்சல் ஏறுகிற நாட்களில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், அதுதான் இதில் பயமுறுத்துவது. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள்.

ஆனால் இதோடு முடித்துவிட்டு எழுந்து போக முடியாது, காரணம் இது ஐப்பசி.

பொரியோடு வருகிற பிள்ளையிடம் நான் முதலில் பார்ப்பது பொரியை அல்ல. அதன் பஞ்சாங்கத்தைக் கேட்பேன். காய்ச்சல் எந்தக் கிழமை ஆரம்பித்தது, பொரி எத்தனாவது நாள் வந்தது, பொரி வந்தபோது காய்ச்சல் இருந்ததா, இறங்கியிருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சின்னம்மையில் காய்ச்சலும் கொப்புளமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். கை கால் வாய் நோயில் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு புண். தட்டம்மையில் மூன்று நாலு நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து நீர் வடிதல். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து பொரி கிளம்பி முகம், மார்பு, கால் என்று இறங்கும். பொரி இறங்கும்போது காய்ச்சல் இன்னும் ஏறும். உங்கள் மாமியார் சொல்கிற மணல்வாரி அதுதான். உங்கள் வீட்டில் நடந்தது நேர் எதிர்: காய்ச்சல் போன பிறகு பொரி, அதுவும் முதுகிலிருந்து.

காய்ச்சல் விடும் நேரத்தில் பொரி காட்டுகிற இன்னொரு நோய் உண்டு. டெங்கு.

ரோசியோலாவில் காய்ச்சல் விட்டால் நோய் முடிந்தது. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் கண்டம். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா, விட்டுடுச்சு" என்று மூச்சு விடும்போது பிள்ளைக்குள் இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் ஒருமுறை கோட்டை விட்டேன். தொழிலுக்கு வந்த புதிது. ஆறு வயதுப் பையன், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது, கையில் லேசான சிவப்பு. "விட்டுடுச்சும்மா, கஞ்சி குடுங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் விடியற்காலை தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நெற்றி வழக்கம்போல் இருந்தது. உள்ளங்கையும் பாதமும் ஐஸ் வைத்த மாதிரி சில்லென்று இருந்தன. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை. தஞ்சாவூருக்கு அனுப்பி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிப் பிழைத்தான். அன்றிலிருந்து காய்ச்சல் விட்டது என்று யார் சொன்னாலும் பிள்ளையின் நெற்றியைத் தொடமாட்டேன், பாதத்தைத் தொடுவேன்.

நம் ஊரில் மழைக்காலத்தில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கத்தான் வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு வயலில் தேங்கும் தண்ணீரில் வளர்வதல்ல. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதென்று பிடித்து வைக்கிற டிரம், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, தேங்காய்த் தொட்டி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும். கடிப்பதும் பகலில். ஆகவே கொசுவத்தியை ராத்திரி மட்டும் கொளுத்துவதில் பெரிய பயன் இல்லை.

அதனால் இன்றோ, தவறினால் நாளைக் காலையோ உங்கள் மகளை நேரில் காட்டி ஒரு முழு இரத்த எண்ணிக்கை எடுத்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் போதும். தட்டணு (பிளேட்லெட்) மட்டுமல்ல, இரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறதா என்பதையும் டாக்டர் அதில் பார்ப்பார். அதற்குள் அவள் விளையாடுகிறாளா, கேட்டுச் சாப்பிடுகிறாளா என்று கவனியுங்கள். ரோசியோலா பிள்ளை பொரி வந்த அன்று தவழ்ந்துபோய் அடுக்களைப் பாத்திரத்தை உருட்டும். டெங்குவில் மோசமாகும் பிள்ளை மடியை விட்டு இறங்காது, துவளும், வயிறு வலித்துச் சுருளும், திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். பல் ஈறில், மூக்கில் இரத்தம், கறுப்பாக மலம், சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலைவரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொரியைப் பார்க்கும் விதத்திலும் ஒரு சிக்கல். செல்போனில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தோல். ரோஜா நிறத்தில் பளிச்சென்று தெரியும். மாநிறமும் கறுப்புமான நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு பல சமயம் கருஞ்சிவப்பாக, வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். பகலில் வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து, புறங்கையால் தடவிப் பாருங்கள். பிறகு கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் பொரியின்மேல் அழுத்துங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்தால் நல்லது. மறையாமல் ஊதாப் புள்ளியாக நின்றால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பொரி.

இனி உங்கள் மாமியார். அவர் சொன்னதில் பாதியை நான் தாராளமாக ஒப்புக்கொள்வேன். அம்மை என்ற சொல்லுக்குள் நம் கிழவிகள் வைத்திருந்த பயம் பெரியம்மையின் பயம். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1975-இல். 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதுவரை மருந்தே இல்லாத நோய்க்கு வீட்டார் செய்யக்கூடியது என்ன? வாசலில் வேப்பிலை செருகினால் அயலார் உள்ளே வரமாட்டார்கள்; தனிமைப்படுத்தல் என்று இப்போது சுவரொட்டி அடித்துச் சொல்வதை ஒரு கொத்து இலை சொல்லிவிடும். வீட்டில் தாளிக்கமாட்டார்கள். பிள்ளைக்கு இளநீர், மோர், பானகம். சமயபுரத்தில் மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனிவரை 28 நாள் அம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாளே, அப்போது அவளுக்கும் துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். சின்னம்மை எங்கள் பக்கம் மும்முரமாக இருப்பதும் அதே மாதங்களில்தான். வாய்ப் புண்ணோடு வரும் பிள்ளைகளுக்கு நான் சீட்டில் எழுதுவதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்.

ஒப்புக்கொள்ள முடியாத பாதி இரண்டே விஷயம். குளிப்பாட்டாதே என்பது ஒன்று. எந்தப் பொரியானாலும் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும்; கொப்புளம் இருந்தால் இன்னும் கட்டாயம். வியர்வையும் நகமும் சேர்ந்துதான் கொப்புளத்தைச் சீழ் வைக்கின்றன. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரானாலும் சரி, உடைந்த கொப்புளத்தில் இலையை வைத்துத் தேய்க்கக் கூடாது, மஞ்சள் அரைத்துப் பூசக் கூடாது. மற்றொன்று, "ஆத்தா வந்த உடம்புல ஊசி போடக்கூடாது" என்று ஆஸ்பத்திரிக்கே வராமல் இருப்பது. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பிணம்போலப் பாடையில் படுத்துப் பாடைக்காவடி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். வேண்டிக்கொள்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. வேண்டிக்கொண்டே பஸ் ஏறச் சொல்கிறேன்.

தட்டம்மை என்று உறுதியானால் அது லேசான நோயில்லை. நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண் பாதிப்பு வரைக்கும் போகும். அதற்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்; ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் அலகு. இது எந்தத் தைலத்தாலும் நடக்காது. உங்கள் மகளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டிருப்பீர்கள். அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு டோஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழு எதிர்ப்பைக் கொடுத்துவிடாது, அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இப்போது பொரி வந்தது என்பதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எதிர்வீட்டுப் பையனின் நோயைப் பற்றிக் கணவர் கேட்டதற்கு வருகிறேன். கை கால் வாய் நோய் காக்சாக்கி, எண்டெரோ வகை வைரஸ்களால் வருவது. உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால், வாய்க்குள் புண். பொரி இருக்கும் இடமே அடையாளம் சொல்லிவிடும், உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதியதில் அந்த இடங்கள் எதுவும் இல்லை. 2022-இல் கேரளத்தில் கொல்லம் பக்கம் 'தக்காளிக் காய்ச்சல்' என்று செய்தியில் அடிபட்டது இதன் ஒரு வடிவம்தான். அந்த மாதம் முழுக்க என்னிடம் "தக்காளி ரசம் ஊத்தலாமா டாக்டர்?" என்று கேட்டார்கள். ஊற்றலாம், ஆனால் வாய்ப் புண்ணில் புளிப்பும் காரமும் எரியும். குளிர்ந்த தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுங்கள், கிடைக்கிற காலத்தில் நுங்கு கொடுங்கள். இந்த நோயில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்வது பெரும்பாலும் தண்ணீர் குடிக்க மறுத்து உலர்ந்துபோவதால். தூக்கத்தில் திடீர் திடீரென்று தூக்கிப்போடுதல், நடை தள்ளாடுதல், விடாத வாந்தி இருந்தால் மூளையைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அபூர்வம், ஆனால் உண்டு. பால்வாடிக்கு ஒரு வாரம் அனுப்பாதீர்கள். கிருமி மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். கை தேய்க்கும் சானிடைசர் இதற்குச் சரிவராது, சோப்பும் தண்ணீரும்தான்.

ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டம்மா பதறினால் நீங்களே சமாதானம் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஒரு தாய் தினசரிக் காலண்டர் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் பிரித்தார். உள்ளே பிள்ளையின் நகங்கள், ஏழு. ஒவ்வொன்றும் வெங்காயச் சருகு மாதிரி. "தானா கழண்டு விழுது டாக்டர், வலிக்கலைங்கறான்." ஐந்து வாரத்துக்கு முன் கை கால் வாய் நோய் வந்திருந்தது. அடியில் புது நகம் ஏற்கெனவே முளைத்திருந்ததை டார்ச் அடித்துக் காட்டினேன். தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.

சின்னம்மையைப் பற்றி ஒன்றே ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும். தாத்தாவுக்கு இடுப்பில் அக்கி. குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்து, பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். மூன்றாவது வாரம் பேரனுக்கு உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். இரண்டும் ஒரே வைரஸ் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அக்கி என்பது தாத்தா சிறுவயதில் கண்ட அம்மை நரம்புக்குள் ஒளிந்திருந்து திரும்ப வருவது. அந்த நீர் பட்டால் பேரனுக்குச் சின்னம்மை. ஆக, அக்கி காய்ந்து பக்கு கட்டும்வரை அதைத் துணியால் மூடிவைத்து, பிள்ளைகளை எட்ட வைக்க வேண்டும். சின்னம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது, இபுபுரூஃபெனும் வேண்டாம்.

மெடிக்கல் கடைக்காரரிடம் எனக்கு மூன்று வழக்கு. முதலாவது, வைரஸ் காய்ச்சலுக்குச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக். இரண்டாவது, ரோசியோலாப் பொரியைப் பார்த்து 'மருந்து அலர்ஜி' என்று முத்திரை குத்துவது. இந்த முத்திரை லேசில் போகாது. பிற்காலத்தில் நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படும்போது அம்மா "ஐயோ, அது அவளுக்கு ஆகாது" என்பார். மருந்து அலர்ஜி பெரும்பாலும் அரிக்கும், தடித்துத் திட்டுத் திட்டாக எழும்பி இடம் மாறும். நேரில் பார்க்கும் டாக்டர் சொல்லாமல் அட்டையில் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள். மூன்றாவது, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே டியூபில் கலந்த க்ரீம். அது வந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அரிப்பு இருந்தால் காலமைன் லோஷன் போதும்.

பாராசிட்டமால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் வீட்டில் அதிகம் தவறுகிறார்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். உங்கள் மகள் ஒன்பது கிலோ என்று வைத்தால் ஒரு வேளைக்கு அதிகபட்சம் 135. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. சொட்டு மருந்தை எடுத்து சிரப் மூடியில் 5 மில்லி ஊற்றினால் நாலு வேளை மருந்து ஒரே வேளையில் போய்விடும். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள்.

பொரியெல்லாம் வைரஸ் அல்ல என்பதற்கு இரண்டு மட்டும். மழைக்கால இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வயலிலிருந்து வரும், எறும்பு போன்ற சிவப்பும் கறுப்புமான மெல்லிய வண்டு கழுத்தில் நசுங்கினால் சூடு இழுத்தாற்போல் கோடாகப் புண்ணாகும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது புதர்ப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ். வலிக்காததால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். சரியான மருந்து கொடுத்தால் ஓரிரண்டு நாளில் காய்ச்சல் அடங்கும். கொடுக்காவிட்டால் ஆளையே சாய்க்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். இரத்த எண்ணிக்கை சரியாக இருந்து, மறுபடி காய்ச்சல் வராமல், விளையாடிக்கொண்டிருந்தால் கோயிலுக்குப் போகலாம். ரோசியோலா பொரி வரும் நேரத்துக்கு மற்றவர்களுக்கு ஒட்டுவது ஏறக்குறைய அடங்கியிருக்கும், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பும் உண்டு. நாத்தனாரை மட்டும், டாக்டர் நேரில் பார்த்து இது கர்ப்பிணிக்கு ஆகாத ரூபெல்லாவோ தட்டம்மையோ இல்லை என்று சொல்லும்வரை, குழந்தையைத் தூக்க விடாதீர்கள். அவருக்குச் சின்னம்மை சிறுவயதில் வந்ததா என்பதையும் இந்தச் சாக்கில் கேட்டுவைப்பது நல்லது. வராதவர் என்றால், எந்தக் குழந்தைக்குக் கொப்புளம் என்று தெரிந்தாலும் அன்றே தன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காதுகுத்து வேறு கணக்கு. தட்டணு எவ்வளவு என்று தெரியாமல் காதில் ஊசி படக் கூடாது. குறைந்திருந்தால் வேறு முகூர்த்தம் பாருங்கள். ஆசாரியிடமும் தாய்மாமனிடமும் இன்றே சொல்லிவைத்தால் கடைசி நேர மனத்தாங்கல் இருக்காது. இப்போதைக்கு, காலையிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.